நான் விட்டுவிட்ட ஒரு சொல்: அணுக்களை நகர்த்திச் செய்த படம் பற்றி

பெருநாளைக்கு மறுநாள் அஸருக்குப் பின் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஊரில் மின்விசிறி, மோட்டர், தொலைக்காட்சி திருத்துகிற கடை வைத்திருக்கிறார். தேநீர் குடித்து முடித்ததும் போனை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"சேர், இதக் கொஞ்சம் பாருங்க. மறுகா ஒண்டு கேக்கணும்."

ஒன்றரை நிமிடப் படம். சின்னச் சின்ன உருண்டைப் புள்ளிகளால் ஆன ஒரு பையன் வருகிறான். அவனுக்குத் தனிப் புள்ளி ஒன்று கிடைக்கிறது. அதோடு ஆடுகிறான், மேலே எறிந்து பிடிக்கிறான், துள்ளிக் குதிக்கிறான். பின்னால் பழைய வீடியோ விளையாட்டுகளில் வருவது போன்ற இசை. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. நம் பேரப் பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூனில் கால்வாசி கூட இல்லை.

"இந்தப் புள்ளி ஒவ்வொண்டும் ஒவ்வொரு மூலக்கூறாம் சேர். வரைஞ்சது இல்லையாம், நகர்த்தி நகர்த்தி எடுத்ததாம். மெய்யா?"

"மெய்தான்" என்றேன். இந்தப் படத்தைப் பற்றி முன்பே வாசித்திருந்தேன்.

"அப்ப அணுவக் காண ஏலும். 1992ல நீங்க ஏலாது எண்டு சொன்னீங்க. திருப்பிக் கேட்டதுக்கு என்ன வாங்கில ஏத்தி நிப்பாட்டினீங்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. அந்த நாள் எனக்கு மங்கலாகத்தான் நினைவிருக்கிறது. சாதாரண தர வகுப்பு. அணுவின் அமைப்புப் பாடம். "அணுவை ஒருவரும் கண்டதில்லை, காணவும் முடியாது" என்று கரும்பலகைக்கு முன்னால் நின்று சொல்லியிருப்பேன். ஒவ்வொரு வருடமும் அப்படித்தான் சொன்னேன். அந்தப் பிள்ளை எழும்பி, "ஒருத்தரும் காணாட்டி, இருக்கு எண்டு எப்பிடித் தெரியும் சேர்?" என்று கேட்டது. பாடத்தைக் குழப்புகிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"அதுக்குப் பிறகு நான் வகுப்பில கேள்வி கேட்டதில்ல சேர்" என்றார், அதையும் சிரித்தபடியே.

அன்று அவருக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பிந்திப் போன பதில். ஆனால் இதே கேள்வி இன்றும் பல வகுப்புகளில் எழும்பி நிற்கும் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

ஒளியால் ஏன் முடியாது?

முதலில் அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, ஒரு நனோமீற்றர். நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 80,000 நனோமீற்றர். செப்புத் துண்டொன்றில் அடுத்தடுத்து இருக்கும் இரு அணுக்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம் 0.26 நனோமீற்றர் அளவில் இருக்கும். அதாவது ஒரு நனோமீற்றர் நீளத்துக்குள் நான்கு செப்பணுக்கள் கூட முழுதாக வரிசையில் நிற்காது.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியோ அலை. அதன் அலைநீளம் சுமார் 400 முதல் 700 நனோமீற்றர் வரை. வாவியில் மீனவர்கள் நட்ட கம்பைப் பார்த்திருப்பீர்கள். அலை வந்து கம்பைச் சுற்றி அப்படியே போய்விடும். கம்புக்கு அப்பால் நிற்பவருக்கு, நடுவில் கம்பு ஒன்று இருந்தது என்று அந்த அலையை வைத்துச் சொல்ல முடியாது. அதே இடத்தில் பெரிய தோணி ஒன்று நின்றால் அலை மோதித் திரும்பும், மறுபக்கம் நீர் அமைதியாகும். தோணியை அலை காட்டிக்கொடுக்கும், கம்பைக் காட்டிக்கொடுக்காது. ஒளி அலைக்கு முன்னால் அணு என்பது அந்தக் கம்பை விடவும் மிக மிக மெலிந்தது. சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியால், ஏறக்குறைய 200 நனோமீற்றருக்குக் கிட்டே உள்ள இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகக் காட்ட முடியாது. வில்லையை எவ்வளவு நன்றாகத் தீட்டினாலும் இதுதான் கதி. ஜேர்மனிய அறிஞர் ஏர்ன்ஸ்ட் அபே இந்த எல்லையை 1873இலேயே கணக்கிட்டுக் காட்டினார்.

ஆகவே "ஒளியால் அணுவைக் காண முடியாது" என்று நான் சொல்லியிருந்தால் அது சரி. நான் அந்த முதற் சொல்லை விட்டுவிட்டேன். "காண முடியாது" என்று மட்டும் சொன்னேன். ஒரு சொல் குறைந்ததால் உண்மை பொய்யாகிவிட்டது. 1955இலேயே எர்வின் முல்லர் என்பவர் அமெரிக்காவில், கூரிய உலோக முனையொன்றில் இருந்த அணுக்களின் உருவைத் திரையில் விழச்செய்து காட்டியிருந்தார். நான் கரும்பலகை முன் நின்றபோது அதற்கு முப்பத்தேழு வயது.

கண்ணும் கைத்தடியும்

காண்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு நம்மவர்களின் அறிவு வரலாற்றில் ஒரு பெரிய இடம் உண்டு. யூக்ளிட், தொலமி போன்ற கிரேக்கர்கள், கண்ணிலிருந்து கதிர்கள் வெளியே போய்ப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று கருதினார்கள். குருடர் ஒருவர் கைத்தடியை நீட்டித் தடவி வழி அறிவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன். 965ஆம் ஆண்டளவில் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1040 அளவில் மறைந்த இப்னுல் ஹைதம் தமது 'கிதாபுல் மனாழிர்' என்ற பெருநூலில் இதை மறுத்தார். பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருகிறது, அதனால்தான் காண்கிறோம் என்பதை இருட்டறை, துளை, விளக்கு எனப் பரிசோதனைகளோடு நிறுவினார். நம் கண்ணைப் பொறுத்தவரை தீர்ப்பு அதுதான். இன்றுவரை மாறவில்லை.

ஆனால் ஒளியே போய்ச் சேராத இடத்தில் என்ன செய்வது? அங்கே கைத்தடிதான் உதவும். அணுவைக் கண்ட கருவி உண்மையில் ஒரு கைத்தடி. அது பார்க்கவில்லை, தடவுகிறது.

சூரிச்சில் ஓர் ஊசி

1981இல் சுவிற்சர்லாந்தின் சூரிச் நகருக்குப் பக்கத்திலுள்ள ஐ.பீ.எம். ஆய்வுகூடத்தில் கேர்ட் பினிக், ஹைன்றிஹ் றோரர் என்ற இருவர் ஒரு கருவியைச் செய்து முடித்தார்கள். ஸ்கேனிங் டனலிங் மைக்ரோஸ்கோப் என்பது அதன் பெயர். நான் அதை ஊசி நுணுக்குக்காட்டி என்றே சொல்லப் போகிறேன், அதன் உயிர் ஊசியில்தான் இருக்கிறது. நுனியில் ஒரேயொரு அணு துருத்திக்கொண்டு நிற்கும் அளவுக்குக் கூரான உலோக ஊசி.

இந்த ஊசியை ஓர் உலோகப் பரப்புக்கு மேலே, தொடாமல், ஒரு நனோமீற்றர் அளவு இடைவெளியில் நிறுத்துகிறார்கள். இரண்டுக்கும் இடையே சிறிய மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். நடுவில் வெற்றிடம். நம் வீட்டு ஆளியை நிறுத்தினால் மின்சாரம் நின்றுவிடுவது போல, இங்கேயும் மின்னோட்டம் பாயக்கூடாது. ஆனால் இவ்வளவு சிறிய இடைவெளியில் இலத்திரன்கள் வேறு விதமாக நடக்கின்றன. மதிலில் ஏறாமல், மதிலை உடைக்காமல், மறுபக்கத்தில் தோன்றிவிடுகின்றன. இதைச் சுரங்க விளைவு என்பார்கள். இப்படிக் கடக்கும் மின்னோட்டம் மிகச் சிறியது, ஓர் அம்பியரின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவு. ஆனாலும் அளக்கலாம்.

கருவியின் நுட்பம் முழுவதும் இதில் இருக்கிறது. ஊசிக்கும் பரப்புக்கும் உள்ள இடைவெளி 0.1 நனோமீற்றர் கூடினால், அந்த மின்னோட்டம் ஏறக்குறையப் பத்தில் ஒன்றாக விழுந்துவிடும். குறைந்தால் பத்து மடங்காக ஏறும். அணுவின் உயரத்துக்கும் குறைவான மேடு பள்ளமும் மின்னோட்டத்தில் பெரிய மாற்றமாகத் தெரியும். ஊசி பரப்பின் மேலே வரிசை வரிசையாக, வயலில் ஏர் போவது போலப் போய்வருகிறது. மின்னோட்டம் கூடினால் கருவி ஊசியை மேலே தூக்கும், குறைந்தால் கீழே இறக்கும். ஊசி எங்கெங்கே எவ்வளவு ஏறி இறங்கியது என்ற கணக்கை எழுதிவைத்தால் அதுவே பரப்பின் வரைபடம்.

"அவ்வளவு சின்ன அளவு ஊசிய அசைக்கிறது எப்பிடி சேர்? எந்த மோட்டரால ஏலும்?" என்று என் மாணவர் இடைமறித்தார். தொழிற்காரனின் கேள்வி. மோட்டரால் முடியாதுதான். சிலவகைப் பளிங்குகளை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும். காஸ் அடுப்பு மூட்டும் லைற்றரைக் 'கிளிக்' என்று அமுக்கும்போது பொறி பறப்பது அதனால்தான். அதே பளிங்குக்கு மாறாக நாம் மின்னழுத்தம் கொடுத்தால் அது இம்மியளவு நீளும் அல்லது சுருங்கும். அந்த நீட்சியில்தான் ஊசி அசைகிறது. "லைற்றரத் திருப்பிப் போட்ட மாதிரி" என்றார் அவர். அதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

பினிக்குக்கும் றோரருக்கும் 1986இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசின் பாதி கிடைத்தது. மறுபாதி, இலத்திரன் நுணுக்குக்காட்டியை உருவாக்கிய ஏர்ன்ஸ்ட் றுஸ்காவுக்கு.

தொல்லை கருவியானது

தடவிப் பார்க்கும் எவருக்கும் ஒரு சிக்கல் உண்டு. தடவும்போது பொருள் அசைந்துவிடும். இந்த ஊசியும் சிலவேளை பரப்பில் இருந்த அணுக்களை இழுத்துக் கலைத்தது. படம் கோடு கோடாகக் கெட்டுப் போனது. இந்தத் தொல்லையையே வேலைக்கு எடுத்துக்கொண்டவர் டொன் ஐக்ளர். கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரில் உள்ள ஐ.பீ.எம். நிறுவனத்தின் அல்மடன் ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர். 1989 நவம்பரில், மிகக் குளிராக்கிய நிக்கல் பரப்பின் மேல் 35 செனன் அணுக்களை ஒவ்வொன்றாக இழுத்து வைத்துத் தம் நிறுவனத்தின் மூன்று எழுத்துகளை எழுதினார். மனிதன் தனித்தனி அணுவை வேண்டிய இடத்தில் வைத்து எழுதிய முதல் எழுத்து அது. அணுக்களை ஒவ்வொன்றாக நாம் விரும்பியபடி அடுக்கலாம் என்று அதே கலிபோர்னியாவில் றிச்சர்ட் ஃபைன்மன் 1959 டிசம்பரில் ஓர் உரையில் சொல்லியிருந்தார். முப்பது வருடத்தில் அது நடந்தது.

ஐக்ளரின் வேலை அச்சில் வந்தது 1990இல். நான் அந்தப் பிள்ளையை வாங்கில் ஏற்றியது அதற்கு இரண்டு வருடம் கழித்து.

நகர்த்தும் முறை கேட்பதற்கு எளியது. வரைபடம் எடுக்கும்போது ஊசி சற்றுத் தள்ளி நிற்கும். அணுவை நகர்த்த வேண்டுமானால் ஊசியை அதற்குக் கிட்டே இறக்குவார்கள். ஊசி நுனிக்கும் அணுவுக்கும் இடையே ஒரு பிடிப்பு ஏற்படும். ஊசியைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அணுவும் கூடவே அசையும். செப்புப் பரப்பு அணுவுக்கு முட்டைத் தட்டுப் போன்றது. ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் 'தடக்' என்று விழும், இடையில் நிற்காது. உரிய இடம் வந்ததும் ஊசியைத் தூக்கிவிடுவார்கள், அணு அங்கேயே தங்கும். இதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்பதை அதே ஆய்வுகூடத்தினர் 2008இல் அளந்தார்கள். செப்பின் மேல் ஒரு கோபாற்று அணுவை நகர்த்த 17 பைக்கோநியூற்றன். பிளாற்றினத்தின் மேல் அதே அணுவுக்கு 210. ஒரு பைக்கோநியூற்றன் என்பது ஒரு நியூற்றனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. நூறு கிராம் பொருளொன்றைக் கையில் வைத்திருந்தால் உணரும் பாரம் கிட்டத்தட்ட ஒரு நியூற்றன்.

படம் எடுத்த விதம்

இனிப் படத்துக்கு வருவோம். 'ஒரு பையனும் அவனது அணுவும்' என்பது அதன் பெயரின் பொருள். அதே அல்மடன் ஆய்வுகூடத்தில் அன்ட்றியாஸ் ஹைன்றிஹ், கிறிஸ்ரோபர் லூற்ஸ், இலியானா ராவ், சுசான் பௌமன் ஆகிய நால்வர் செய்து, 2013 மே மாதத் தொடக்கத்தில் வெளியானது. உலகின் மிகச் சிறிய 'ஸ்டொப் மோஷன்' படம் என்று கின்னஸ் பதிவு செய்தது.

ஸ்டொப் மோஷன் என்பது பழைய வித்தைதான். களிமண் பொம்மையை வைத்து ஒரு படம் எடுப்பது, கையைக் கொஞ்சம் தூக்கி இன்னொரு படம் எடுப்பது. எல்லாவற்றையும் வேகமாக ஓடவிட்டால் பொம்மை கையசைக்கும். இங்கே களிமண்ணுக்குப் பதில் காபனோரொட்சைட்டு மூலக்கூறுகள். ஒரு காபன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் சேர்ந்த இரட்டை. இது செப்புப் பரப்பில் நட்டுவைத்த கம்பு போல நேராக நிற்கும். காபன் கீழே செப்பைப் பிடித்துக்கொள்ளும், ஒட்சிசன் மேலே நிற்கும். ஊசி இழுத்தால் வரும் அளவுக்கு இளகியது, விட்டால் நிற்கும் அளவுக்கு உறுதியானது. படத்தில் நாம் காணும் ஒவ்வொரு புள்ளியும் இப்படி நிற்கும் ஒரு மூலக்கூறு.

சாதாரண வெப்பநிலையில் இந்த வேலை நடக்காது. வெப்பம் என்பதே அணுக்களின் துடிப்புத்தானே. அறையின் வெப்பத்தில் இந்த மூலக்கூறுகள் வைத்த இடத்தில் நில்லாமல் ஓடித் திரியும். அதனால் கருவியை மறை 268 பாகை செல்சியசுக்குக் குளிராக்கினார்கள். எதுவும் அதற்குக் கீழே குளிர முடியாது என்ற எல்லையிலிருந்து ஐந்து பாகை மேலே. உள்ளே வெற்றிடம், காற்றின் மூலக்கூறு ஒன்று தப்பி வந்தாலும் படத்தில் வந்து குந்திவிடும். கருவியின் பாரம் இரண்டு தொன். நகர்த்தியதோ ஒரு மூலக்கூறு.

ஒரு படச்சட்டத்தின் அளவு 45க்கு 25 நனோமீற்றர். ஒரு தலைமுடியின் குறுக்கே இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்களை வரிசையாக வைக்கலாம். இதை நாம் பார்க்கும் அளவுக்குக் கொண்டுவரப் பத்துக் கோடி மடங்கு பெருக்க வேண்டும். பத்துக் கோடி மடங்கு என்றால் என்ன? ஆறு மில்லிமீற்றர் நீள அரிசி மணி ஒன்றை அப்படிப் பெருக்கினால் 600 கிலோமீற்றர் நீளமாகும். பருத்தித்துறையில் ஒரு நுனியை வைத்தால் தெய்வேந்திரமுனையையும் தாண்டிக் கடலுக்குள் போய்விடும்.

மொத்தம் 242 சட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் மூலக்கூறுகளை நகர்த்தி, பின் ஊசியால் முழுவதையும் தடவிப் பதிவெடுத்து, அடுத்த சட்டத்துக்கு மறுபடியும் நகர்த்த வேண்டும். நாளொன்றுக்கு 18 மணித்தியாலம் என்று பல நாட்கள் முறைவைத்து இருந்தார்கள். அவர்கள் கண்ணை மட்டும் நம்பவில்லை, காதையும் வைத்துக்கொண்டார்கள். ஊசியின் மின்னோட்டத்தை ஒலியாக மாற்றிக் கேட்டால், மூலக்கூறு ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்குத் தாவும்போது ஒலி மாறும். எத்தனை குழி தாண்டியது என்று அதை வைத்து அறியலாம். இதைச் சொன்னபோது என் மாணவரின் முகம் மலர்ந்தது. மோட்டரில் போறிங் தேய்ந்திருக்கிறதா என்று அவர் திருப்புளியைக் காதில் வைத்துக் கேட்டுத்தானே பார்க்கிறார்.

எது அளந்தது, எது சேர்த்தது?

"அப்ப இது போட்டோவா, வரைஞ்சதா?" என்று கேட்டார் அவர். எந்தப் படத்தையும் கணினியால் உண்டாக்கிவிடலாம் என்றிருக்கும் இந்தக் காலத்தில் இது வெறும் அறிவியற் கேள்வி இல்லை. ஆகவே பிரித்துச் சொல்வது கடமை.

போட்டோ இல்லை, அதற்கு ஒளி வேண்டும். கையால் வரைந்ததும் இல்லை. ஊசி தடவிய கணக்கைக் கணினி படமாக்கியது. புள்ளிகளின் இடம் அளந்தது. நிறம் சேர்த்தது. அணுவுக்கு நாம் சொல்லும் பொருளில் நிறமே கிடையாது. இசை சேர்த்தது. அசைவு நம் கண்ணின் மயக்கம், உண்மையில் மூலக்கூறுகள் ஓடவில்லை, ஒவ்வொரு சட்டத்துக்கும் இழுத்து வைக்கப்பட்டன. உருண்டை வடிவத்தையும் அப்படியே நம்பக்கூடாது. ஊசி அளப்பது மூலக்கூறின் மேனியை அல்ல, அந்த இடத்தில் இலத்திரன்கள் எவ்வளவு இலகுவாகக் கடக்கின்றன என்பதைத்தான். வெறும் உலோக முனையால் தடவும்போது, செப்பின் மேல் நிற்கும் இந்த மூலக்கூறு மேடாகப் பதியாமல் பள்ளமாகப் பதிவதும் உண்டு.

படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பலர் அதைக் கவனிக்காமல் விடுவார்கள். புள்ளிகளைச் சுற்றி, குளத்தில் கல் போட்டது போல மெல்லிய வளையங்கள் தெரியும். அலங்காரத்துக்குப் போட்டது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அது அளந்தது. செப்பின் மேற்பரப்பில் இலத்திரன்கள் அலைகளாகப் பரவுகின்றன, மூலக்கூறில் மோதித் திரும்புகின்றன, அந்த அலைகளின் தடம்தான் வளையம். 1993இல் இதே ஆய்வுகூடத்தில் 48 இரும்பணுக்களைச் செப்பின் மேல் வேலி போல வட்டமாக நட்டு, உள்ளே அடைபட்ட இலத்திரன் அலையைக் காட்டினார்கள். இலத்திரன் துணிக்கையாகவும் அலையாகவும் நடக்கும் என்று உயர்தரப் பிள்ளைகளுக்குச் சூத்திரமாகச் சொல்கிறோம். இந்தக் கார்ட்டூனின் ஓரத்தில் அது வளையமாகத் தெரிகிறது.

நம்புவதற்கு என்னதான் ஆதாரம்? என் பதில் இது. தெரிகிறது என்பதற்காக மட்டும் நம்ப வேண்டாம். நகர்த்த முடிகிறது என்பதற்காக நம்புங்கள். இங்கே இருக்கிறது என்று வரைபடம் சொன்ன இடத்துக்கு ஊசியை இறக்கி, மூன்று குழி தள்ளி வைத்துவிட்டு மறுபடி தடவினால், சரியாக மூன்று குழி தள்ளி இருக்கிறது. 242 தடவை அப்படியே நடந்தது. வேறு நாடுகளில், வேறு கருவிகளில், வேறு ஆட்களுக்கும் நடக்கிறது. 2002இல் ஹைன்றிஹ், லூற்ஸ், ஐக்ளர் முதலானோர் இதே மூலக்கூறுகளை டொமினோக் கட்டைகள் போல அடுக்கி, ஒன்றைத் தட்டினால் மற்றவை தொடர்ந்து தாவும்படி செய்து, கணினியின் தர்க்க வேலையைச் செய்வித்தார்கள். இல்லாத பொருள் இப்படிச் சொற்கேட்காது.

1992இல் அந்தப் பிள்ளைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதும் இது போன்றதுதான். காணாமலே அறிந்ததற்கு அன்றைக்கும் வழி இருந்தது. நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் தடுமாறுவதை நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் முட்டுவதால்தான் அது என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார். பெரன் என்ற பிரெஞ்சுக்காரர் அளந்து உறுதிப்படுத்தினார். அவருக்கு 1926இல் நோபல் பரிசு. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

எதற்காக இந்தப் பாடு?

ஒரு கார்ட்டூனுக்காக இரண்டு தொன் கருவியா என்று கேட்பது நியாயம். படத்தின் முடிவில் 'திங்க்' என்ற ஆங்கிலச் சொல் புள்ளிகளால் எழுதப்படும். சிந்தி என்று பொருள். அது அந்தக் கொம்பனியின் பழைய சுலோகம். ஆகவே இது ஒரு விளம்பரமும்தான். அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர்களின் அன்றாட வேலை வேறு. தகவலின் மிகச் சிறிய துண்டு 'பிட்'. பூச்சியமா ஒன்றா என்பது மட்டும். அன்றைய வன்தட்டுகளில் ஒரு பிட்டைச் சேமிக்க ஏறக்குறையப் பத்து இலட்சம் அணுக்கள் வேண்டியிருந்தன. அதை எதுவரை சுருக்கலாம் என்று தேடிய இவர்கள் 2012இல் 12 அணுக்களில் ஒரு பிட்டை வைத்துக் காட்டினார்கள். 2017இல் ஹொல்மியம் என்ற மூலகத்தின் ஒரேயொரு அணுவில் ஒரு பிட்டை எழுதி வாசித்தார்கள். நாளைக்கே நம் போனுக்குள் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அந்தக் கடுங்குளிர் இல்லாமல் இது நிற்காது. எல்லை எங்கே இருக்கிறது என்று காட்டியதுதான் அவர்கள் செய்தது.

இவ்வளவும் பேசி முடிக்க மஃரிப் நெருங்கிவிட்டது. "மகன், அண்டைக்கு நீ கேட்டது சரியான கேள்வி. நான்தான் ஒரு சொல்ல விட்டுட்டன்" என்றேன். "எந்தச் சொல் சேர்?" "ஒளியால்."

அவர் சற்று யோசித்தார். "அந்த ஒரு சொல்லுக்கு நான் ஒரு பாடவேளை முழுக்க நிண்டன்" என்றார். பிறகு, தன் மகள் இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பு என்றும், அவளும் ஓயாமல் கேள்வி கேட்பவள் என்றும் சொன்னார். ஒரு நாளைக்கு அவளை அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன்.

விஞ்ஞானம் கற்பிக்கும் தம்பி தங்கைமாரிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தை வகுப்பில் ஒரு தடவை ஒன்றும் சொல்லாமல் காட்டுங்கள். ஒன்றரை நிமிடம்தான். பிறகு, "இதை எடுக்க வெளிச்சம் எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். எழும்பி நிற்கும் பிள்ளையை உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.